கியூடெக்ஸ் பூசிய தோட்டாக்கள்

துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனத்தில் ஒருத்தி, டென்மார்க்கில் காசு கொடுத்துத் துவக்குச் சுடப் பழகுகிறாளாம் என்று பிராண்டே ஊர்த் தமிழரெல்லாம் கதைத்தார்கள். அவள் புருஷன் நீக்கிலாசுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அவள் சுடப் பழகும் கழகத்துக்குப் போனவன், இருநூறு மீற்றருக்கு அப்பாலிருந்த அட்டையில் தன் மனைவி தனுசியா ஐந்து ஓட்டைகளை ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்குள் அடக்கியதைக் கண்டான். அன்றோடு வெட்கம் போய் வாய் நீண்டுவிட்டது. காண்கிறவர்களிடமெல்லாம் அவள் புராணம்தான்.

அனுமதி எடுத்து, தோட்டாக்களையும் அவள் தன் கையாலேயே அடைப்பாள். இந்தக் கோடையில் அதில்தான் வில்லங்கம் வந்தது. தோட்டாவின் அடியில் சட்டைப் பொத்தானிலும் சின்னதாக ஒரு மூடி இருக்கும். பிரைமர் என்பார்கள். துவக்கின் ஊசி அதில் குத்தினால்தான் உள்ளே வெடிமருந்து பற்றும். அவள் வழக்கமாக வாங்கும் பிரைமர் கடையில் முடிந்துவிட்டது. வேறு கொம்பனியுடையதை வாங்கி, மருந்தைக் குறைத்துத் தொடங்கி, ஒழுங்காகச் சோதித்துத்தான் அடைத்தாள். அப்படியிருந்தும் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியில் குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின.

பிரைமர் மாறினால் அப்படித்தான் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அணித்தலைவி கிர்ஸ்டன் ஒருபடி மேலே போய், தன்னிடமிருந்த பழைய வகைப் பிரைமரில் ஒரு பெட்டியைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் சுடச் சொன்னாள். அவளுக்கு அணியில் இடம் கிடைக்கவேண்டுமென்று நீக்கிலாஸ் உடனே புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துவிட்டான். தனுசியாவோ புதன் பின்னேரம் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸ் போத்தலோடு வந்து நின்றாள்.

"பிழை பிரைமரிலதானோ எண்டு பாக்கவேணும். ரெண்டு வகையிலயும் அடைச்சு வைச்சிருக்கிறன். அடியைப் பாத்தா எது எதெண்டு எனக்குத் தெரிஞ்சிடும். எல்லாத்தின்ர அடியிலயும் இதைப் பூசி, வகைக்கொரு பெட்டியில போடுங்கோ. எனக்குச் சொல்லாதேங்கோ."

"ஞாயிறு திருப்பிச் சுடத்தானே போறாய்? இப்ப ஏன் இந்த ஆராய்ச்சி?"

"பூசுங்கோ."

ஆறடி ஆம்பிளை சாப்பாட்டு மேசையில் குந்தியிருந்து தோட்டாக்களுக்குக் கியூடெக்ஸ் பூசினான். அடுத்த நாள் வேலை முடிந்ததும் கழகத்துக்குப் போனார்கள். அவன் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒரு பெட்டியை இடப்பக்க அட்டைக்கும் மற்றதை வலப்பக்க அட்டைக்கும் சுட்டாள்.

குண்டின் வேகத்தை அளக்கும் கருவி சின்னதாய் ஒரு வித்தியாசம் காட்டியது. அட்டைகளில் அது தெரியவேயில்லை. இரண்டிலும் கோப்பை வாய்க்குள்தான் குண்டுகள்.

"எது புதுசு?" என்று கேட்டாள்.

நீக்கிலாஸ் அட்டைகளைத் திரும்பப் பார்த்தான். வலப்பக்கத்தில் ஒரு ஓட்டை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. அதுதான் புதுசு, பார் சிதறுது என்று ஒரு பொய் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக இருக்கும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனுக்கு அது வாயில் வரவில்லை.

"இடப்பக்கம்."

தனுசியா துவக்கை இறக்கி வைத்தாள். "அப்ப பிரைமர் இல்லை. புதுசு, புதுசு எண்டு யோசிச்சு நான்தான் பயந்து சுட்டிருக்கிறன்."

"ஒருத்தரும் உன்னைக் கேக்கேல்லையே, தனு!"

அதைக் காதில் போடாமல் அவள் நேரே கிர்ஸ்டனிடம் போனாள். அட்டைகளையும் மிச்சப் பிரைமரையும் மேசையில் வைத்து, பிழை தன்னுடையது, திரும்பச் சுடுவது நியாயமில்லை, இடத்தை அடுத்தவருக்குக் கொடு என்று டேனிஷில் சொன்னாள். கிர்ஸ்டன் அட்டைகளை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தாள். இடம் போய்விட்டது.

"கவலையில்லையோ?" என்று காரில் கேட்டான்.

"கவலைதான். ஆனா பிரைமர் பிழையெண்டா கடைக்காரன்ர வாயைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும். நான் பிழையெண்டா நாளைக்கே திருத்தத் தொடங்கலாம்."

இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று நீக்கிலாசுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டது கிடைத்தால்தான் நேர்த்தியைச் செலுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போய், கேட்டது கிடைக்காமலே மெழுகுதிரியைக் கொளுத்தினான், அதுவும் நேர்ந்ததைவிடப் பெரிதாய்ப் பார்த்து.