ஆவணியில் போட்ட மாலை

சனிக்கிழமை காலையில் முருகேஷ் கழுத்தில் பழனி மாலையோடு கம்பெனிக்குள் நுழைந்ததும், அடுத்த மெஷினில் ஓவர்லாக் தையல் அடித்துக்கொண்டிருந்த முகிலன் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

"ஏன் மாப்ள, இது ஆவணி. தைப்பூசத்துக்கு இப்பவே கெளம்பிட்டயா? நடந்து போறயா, தவழ்ந்து போறயா?"

"முருகன் வருசம் பூரா மலை மேலதான இருக்கறாரு" என்று சொல்லிவிட்டு முருகேஷ் பனியன் துணியை மெஷினுக்குள் தள்ளினான்.

மாலைக்கான காரணம் உடுமலைப்பேட்டையில் இருந்தது. மகள் வினிதாவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவி ஜெயசுதா சித்திரையிலிருந்து திரும்பவில்லை. அவள் கடைசியாகத் தோசை சுட்ட கல் இன்னும் அடுப்பின் மேலேயே கிடந்தது. முருகேஷ் அதை எடுக்கவும் இல்லை, கழுவவும் இல்லை.

மார்கழியில் மாலை போட்டால் தைப்பூசம் வரைக்கும் அவன் ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டான். வேலை விட்டதும் நேரே வீடு. வினிதாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பாடு. அந்த நாட்களில் ஜெயசுதாவின் குரலே வேறு மாதிரி இருக்கும். ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்குவாள். பிறகு பழனிக்கு நடந்து போய் மாலையைக் கழற்றுவான். திரும்பும் பஸ் ஏறுவதற்குள் பாட்டில் திறந்துவிடும்.

போன வாரம் டவுன் பஸ்ஸில் முன் சீட்டின் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குடியை நிறுத்த ஆசை இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு போன் நம்பர். பஸ்ஸிலிருந்து இறங்கி, கூட்டமில்லாத இடமாகப் பார்த்து நின்று கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க" என்றது ஓர் ஆண் குரல். "அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறைக்கு மேல் மாடி. எம் பேரு அந்தோணிராஜுங்க. உங்க பேரு மட்டும் போதும், வேறொண்ணும் கேக்க மாட்டோம்."

பஸ் ஸ்டாப்புக்கும் அந்தப் பட்டறைக்கும் நடுவே ஒரு ஒயின்ஷாப் இருப்பது முருகேஷுக்குத் தெரியும். அதோடு சனிக்கிழமை சம்பளம் வேறு. மாலை இல்லாமல் இரண்டையும் தாண்ட முடியும் என்று அவனுக்கு நம்பிக்கை இல்லை. கோயிலுக்குப் போகாமல், குருசாமி யாரும் இல்லாமல், தானே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். ஞாயிறு இரவு வினிதா வீடியோ காலில் வருவாள். மாலையைப் பார்த்தால் ஜெயசுதா மனம் இளகிவிடுவாள் என்றும் ஒரு கணக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தது. எந்தப் படி என்று தெரியாமல் எதிர் டீக்கடையில் தயங்கி, "மாடியில ஏதோ மீட்டிங்காமுங்களே?" என்றான்.

"குடிகாரங்க மீட்டிங்குங்களா? சைடுல படி இருக்குது பாருங்க!" கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முருகேஷ் அப்படியே திரும்பிப் போயிருப்பான். அதற்குள் ஒரு ஆள் டீ டம்ளரை வைத்துவிட்டு அவன் அருகே வந்தான்.

"சத்தமாச் சொன்னாத்தான் நமக்கெல்லாம் வழி தெரியும்னு அண்ணனுக்குத் தெரியுமுங்க. நாந்தான் அந்தோணிராஜ். வாங்க."

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். முருகேஷின் முறை வந்தது.

"முருகேஷுங்க. குடிகாரனுங்க. ஆனா மாலை போட்டிருந்தா குடிக்க மாட்டனுங்க" என்றான் அவசரமாக.

யாரோ சிரித்தார்கள். அந்தோணிராஜும் சிரித்தான்.

"கோவிச்சுக்காதீங்க. நானும் அதே கேசுதான். ஈஸ்டருக்கு முந்தி எங்க தவக்காலம் நாப்பது நாளும் நான் தொட மாட்டேன். ஈஸ்டர் அன்னிக்குப் பாதிப் பூசையிலயே எந்திரிச்சு ஓடிருவேன். வருசா வருசம் என் சம்சாரம் ஈஸ்டர் வந்தா அழுவா. ஆண்டவர் உயிர்த்தெழுந்தாரேன்னு அழுவற ஒரே பொம்பளை அவதான்."

அறையே சிரித்தது. முருகேஷால் சிரிக்க முடியவில்லை. பழனிக்குக் கிளம்பும் காலையில் துணிமணி கட்டிக்கொடுக்கும்போது ஜெயசுதாவின் கண் ஏன் கலங்கியிருக்கும் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. பக்தி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தான்.

"அப்ப மாலையக் கழட்டோணுமுங்களா?" என்று கேட்டான்.

"அது உங்களுக்கும் முருகனுக்கும் உள்ளதுங்க. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருங்க. நாங்க சொல்றது அவ்வளவுதான்."

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் சின்னதாக ஒரு முருகன் கோயில் இருந்தது. முருகேஷ் மாலையைக் கழற்றி வாசல் வேலில் மாட்டினான். எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கழுத்து குளிர்ந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான்.

ஒயின்ஷாப் வெளிச்சம் ரோட்டில் பாதி தூரம் விழுந்திருந்தது. வாசனை வந்தது. கால் ஒருமுறை நின்றது. அப்போது போன் அடித்தது. எடுக்காமல், அதைக் கையில் இறுக்கிக்கொண்டு வேகமாக நடந்து, பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் திருப்பிக் கூப்பிட்டான்.

திரையில் வினிதாவின் முகம் வந்தது. வாராவாரம் கேட்பதையே கேட்டாள். "அப்பா, மாலை போட்டிருக்கறயா?"

"இல்ல கண்ணு."

குழந்தையின் முகம் வாடியது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். ஜெயசுதா வந்தாள். தலையில் பூ இல்லை. கொஞ்சம் இளைத்திருந்தாள். அவன் கண்ணையே பார்த்தாள்.

"குடிச்சிருக்கறீங்களா?"

"இல்ல சுதா."

"மாலையும் இல்ல?"

"மாலையும் இல்ல."

அவள் நம்பவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. பின்னால் அவள் அம்மா வீட்டுச் சமையலறையில் யாரோ தோசை சுடும் சத்தம் கேட்டது. அவன் பஸ்ஸை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டு நின்றான்.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் கூப்புடுங்க" என்றாள் கடைசியில். "இதே மாதிரி, வெறுங்கழுத்தோட."