எச்சில் குப்பி

மருமகளின் எச்சிலை வாங்கிக்கொண்டு போகிற நர்ஸைத் தங்கம்மாள் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. தலைமுடி, காலடி மண், எச்சில். இதில் ஒன்று கிடைத்தாலே செய்வினை வைத்துக் குடும்பத்தைக் கவிழ்த்துவிடலாம். அடி அண்ணாமலை ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது இந்த நர்ஸ் ஆதிலட்சுமிக்குத் தெரியாதா?

மருமகள் ஆர்த்தியின் முதல் பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து இரண்டாம் நாள் போய்விட்டது. அப்போது வலி எடுத்ததும், பிரசவ வலி இல்லை, வெறும் சூட்டு வலி என்றுதான் கிளினிக்கில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போது மறுபடி ஆறு மாதம் முடிந்திருந்தது. பயமும் கவலையும் கூடினால் உடம்பில் ஒரு ஹார்மோன் ஏறும், ரொம்ப ஏறினால் பிரசவம் முந்திக்கொள்ளலாம் என்றார்கள் கிளினிக்கில். அதை அளக்கத்தான் எச்சில். தினமும் காலையில் பஞ்சைச் சப்பிக் குப்பியில் போட்டு, வீட்டு வாசலிலிருக்கும் தங்கள் கடை ஃப்ரிட்ஜில் பன்னீர் சோடாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

"எங்க போவுது இது?" என்று கேட்டாள் தங்கம்மாள்.

"மெட்ராஸ் லேபுக்கும்மா" என்றாள் ஆதிலட்சுமி.

"அங்க யாரு பாக்கறாங்க?"

"மெஷினு."

ஆள் பெயரைச் சொல்லாமல் மெஷின் என்கிறாள். தங்கம்மாளுக்கு அது போதும்.

அன்றிலிருந்து ஆர்த்தி குளிக்கப் போனதும் தங்கம்மாள் அந்தப் பஞ்சை அடுப்பில் போட்டு எரித்தாள். வேறு பஞ்சைத் தானே சப்பிக் குப்பியில் அடைத்தாள். எதுவானாலும் தன் தலையில் விடியட்டும். பஞ்சு சிவக்கக்கூடாதென்று வெற்றிலையையும் விட்டாள்.

"இன்னாத்தே, வெத்தலைய உட்டுட்டீங்க? மலை எறங்கி நடந்துடப்போவுது" என்றாள் ஆர்த்தி.

"நீ யார் வூட்ல தண்ணி குடிச்ச, அதச் சொல்லு."

நாள் முழுக்க இதே கேள்விதான். பூ யார் தந்தது, கடைக்கு சோடா குடிக்க வந்த வெள்ளைக்காரி ஏன் வயிற்றைப் பார்த்தாள். ஆர்த்தி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

மூன்றாம் வாரம் அவளுக்கு அடிவயிறு இறுகிற்று. கிளினிக்குக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினாள். "ஹார்மோன் நார்மலாத்தான் இருக்கு. சூட்டு வலியா இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படும்மா."

தங்கம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அது என் எச்சிலு" என்றாள்.

"எது?"

"எல்லாமே."

யாரும் திட்டவில்லை. ஆர்த்தியைக் கட்டிலில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். ஆதிலட்சுமி புதுப் பஞ்சை அவள் வாயில் வைத்தாள்.

"வீட்ல உனக்கு என்ன பயம்?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

ஆர்த்தி பஞ்சைச் சப்பிக்கொண்டே மாமியாரைப் பார்த்தாள்.

தங்கம்மாள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே பேச்சு தொடங்கியது. அவள் கதவருகே நிற்காமல் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள்.