வேனில் ஏறிய கம்ப்யூட்டர்

பீளமேட்டு வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் ஐந்தே பேர். பம்ப் கம்பெனி முதலாளி கோவிந்தராஜுலு, அவர் மனைவி வெங்கடம்மாள், மகள் ஹர்ஷிணி. பெண் பார்க்க உடுமலையிலிருந்து வந்திருந்த அழகிரிசாமி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அவர் மகன் சாய்குமார். தரகர்கூட வாசற்படி மிதிக்கவில்லை. பின்னால் ஊரில் இதைப் பற்றிப் பேசிய எவரும் அங்கே இல்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், வைகாசி மாதம். பலகாரமாக வைத்த ஒப்பிட்டுத் தட்டு காலியாகும்வரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கூடத்து மூலையில் ஹர்ஷிணியின் கம்ப்யூட்டர் இருந்தது. கம்பெனியின் சரக்கு இருப்பை அவள் அதில்தான் பார்த்துவந்தாள். அதை இயக்கும் மென்பொருள் எதுவென்று சாய்குமார் எழுந்துபோய்த் திரையைப் பார்த்தான்.

"லினக்ஸா? எதுங்க, ரெட் ஹேட்டா?"

"டெபியனுங்க."

"ஸ்லாக்வேர் போட்டுப் பாருங்க. அப்புறம் இதைத் தொடவே மாட்டீங்க."

"போட்டுப் பாத்துப்போட்டுத்தானுங்க கழட்டினேன்," என்றாள் ஹர்ஷிணி.

வெங்கடம்மாளின் கையில் காப்பி டம்ளர் அப்படியே நின்றது. கோவிந்தராஜுலு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்த பையனை முகத்துக்கு நேரே மடக்கிய பெண் அந்த வம்சத்தில் கிடையாது. இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று அவர் வெகுநாளாக மனத்துக்குள் வைத்திருந்தார்.

அழகிரிசாமி சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு? கல்யாணம் ஆனா அவன் போடறதையே நீயும் போட்டுக்கிட்டாப் போச்சு. இந்தப் பொட்டி எதுக்கு? அங்கதான் ஒண்ணு இருக்குதே."

ஹர்ஷிணியின் கை கம்ப்யூட்டர்மேல் போய் நின்றது. கோவிந்தராஜுலு அதைக் கவனித்தார். மகள்மேல் வந்த கோபம் தணியவில்லை. ஆனாலும், தன் வீட்டுப் பெண் ஒன்றை வேண்டுமென்று வைத்திருந்தால் அதற்கொரு காரணம் இருக்கும். அதைக் கேட்காமலே தூக்கிப் போடச் சொல்ல உடுமலைக்காரர் யார்?

"இருங்க," என்றார். "ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொல்றீங்க. எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க. என்ன வித்தியாசம்?"

"லினக்ஸுங்கற மோட்டார் ஒண்ணுதானுங்க மாமா," என்றான் சாய்குமார். "அதைப் பூட்டி முழு பம்ப்பாக் குடுக்கறவங்கதான் வேற வேற. ஸ்லாக்வேர்ல மூடி வெச்சதுன்னு எதுவுமே இல்லீங்க. ஒவ்வொரு போல்ட்டும் நானே முடுக்குனது. நின்னுபோச்சுன்னா எங்கே கோளாறுன்னு எனக்குத் தெரியும்."

கோவிந்தராஜுலுவுக்கு இது பிடித்தது. பிரித்துப் பார்க்க முடியாத மிஷினை அவரும் வாங்கியதில்லை.

"நீ சொல்லு அம்மணி."

"டெபியன்ல ஒவ்வொரு சாமானுக்கும் இதுக்கு நான் பொறுப்புன்னு ஒருத்தரு பேரு இருக்கும் நைனா. போன மாசம் பிரிண்ட் எடுக்கறப்ப ஒரு கோளாறு வந்துச்சு. அந்தப் பேருக்கு ஈமெயில் போட்டேன். ஜெர்மனில யாரோ ஒருத்தரு, சம்பளமில்லாமச் செய்யறவரு. தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கிட்டுச் சரிசெஞ்சு அனுப்புனாரு." பிறகு சாய்குமார் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒவ்வொரு போல்ட்டா முடுக்கறதுக்குள்ள எங்க லோடு லாரி சேலம் தாண்டிருமுங்க."

சாய்குமார் சிரித்துவிட்டான். "அது நெசந்தானுங்க."

கோவிந்தராஜுலுவின் கம்பெனிப் பம்ப் ஒவ்வொன்றின் உடம்பிலும் அவர் தகப்பனார் பெயர் வார்ப்பிலேயே இருக்கும். எங்கே பழுதானாலும் அந்தப் பெயரைத் தேடித்தான் ஆள் வரும். வந்த ஆளை அவர் திருப்பி அனுப்பியதில்லை.

"பேரு போட்டுக் குடுக்கறவனை விட்டுப்போடச் சொல்லி எம் பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேனுங்க," என்றார் அழகிரிசாமியிடம். "அவ வந்தா பொட்டியும் வரும். அதுல அவ போட்டிருக்கறதும் அப்படியே இருக்கும். சம்மதம்னா மேக்கொண்டு பேசலாம். இல்லீன்னா காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

அழகிரிசாமி மகனைப் பார்த்தார். "என்னடா சொல்றே?"

சாய்குமார் ஹர்ஷிணியைப் பார்த்தான். "என் பொட்டியில ஸ்லாக்வேர்தான் இருக்கும். கழட்டச் சொல்ல மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டேனுங்க. பழுதானா என்னையக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்."

வெங்கடம்மாள் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு, வேறு கலக்க உள்ளே போனாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அடுத்த வாரம் கம்ப்யூட்டர் பெங்களூருக்கு வேனில் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் சீரோடு கம்ப்யூட்டரும் கேட்டு வாங்கினார்கள் என்று பீளமேட்டில் இன்றும் பேச்சு இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. யாரும் கொடுக்கவுமில்லை. அது ஹர்ஷிணியுடையது, அவளோடு போயிற்று.