தீச்சட்டியும் வரிப் பேப்பரும்

படிக்கத் திட்டம் போடுவதில் அஜய்குமாரை மிஞ்ச ஓடைப்பட்டியில் ஆளில்லை. சி.ஏ. இறுதித் தேர்வுக்காகத் தேனி ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவன், முதல் காரியமாக மாடி அறைச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினான். கட்டாயம் கேட்கும் பாடங்களுக்குப் பச்சை, கேட்டாலும் கேட்கலாம் என்பவற்றுக்கு மஞ்சள், கேட்கவே மாட்டார்கள் என்று அவனே முடிவுகட்டியவற்றுக்குச் சிவப்பு. வாராவாரம் கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு. தேர்வின் இரண்டு குரூப்பையும் ஒரே மூச்சில் எழுதினால் ஒன்றில் குறையும் மார்க்கை இன்னொன்று தூக்கிவிடும் என்று ஒரு கணக்கு வேறு. கலர் அடித்த நேரத்துக்குப் படித்திருந்தாலே பாதி தேறியிருப்பான்.

அவன் நிம்மதியாகப் படிக்கட்டும் என்று திராட்சைத் தோட்டத்தை மனைவி யுவராணி ஏற்றுக்கொண்டாள். கவாத்து, மருந்தடிப்பு, கம்பம் வியாபாரிகளோடு மல்லுக்கட்டு, எல்லாம் அவள் தலையில். அவன் டீ குடிக்க வெளியே போகும் நேரம் பார்த்துத்தான் வீட்டில் மிக்சியே போட்டாள். மாடியில் அவனோ, ரேங்க் வாங்கியவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். பாடம் ஏறவில்லை என்றால் சிலபஸை மாற்றிவிட்டார்கள் என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சித்திரையில் தேர்வும் வந்தது, வீரபாண்டித் திருவிழாவும் வந்தது. அவன் பாஸாக வேண்டும் என்று யுவராணி அங்குள்ள கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்து, காப்புக் கட்டி விரதம் இருந்தாள். முதல் குரூப்பை அவன் எப்படியோ ஒப்பேற்றினான். இரண்டாம் குரூப்பின் வரிப் பேப்பர் அன்றுதான் பயம் பிடித்துக்கொண்டது. சிவப்பு அடித்து ஒதுக்கிய பாடங்களே புத்தகத்தில் பாதி இருந்தன. மதுரைக்குப் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கியவன் தேர்வு மையத்துக்குப் போகவில்லை. இந்தத் தடவை விட்டுவிடுவோம், அடுத்த அட்டெம்ப்டில் ஒரே போடாகப் போடுவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தேர்வு முடியும்வரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து, "நல்லா எழுதிருக்கேன்" என்றான். யுவராணி அம்மன் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் தேர்வுக்கு இடைவெளி. அன்றுதான் தீச்சட்டி. முல்லையாற்றில் முங்கி எழுந்து, ஈர மஞ்சள் சேலையோடு, வேப்பிலை வைத்த கையில் அவள் சட்டியை ஏந்தினாள். அவள் காலடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முன்னால் நடப்பது அவன் வேலை. ஊற்ற ஊற்றத் தார் ரோடு குடித்தது. சொல்லிவிடலாம் என்று திரும்பிப் பார்த்தான். தீக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அவன் பேரைச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டிருந்தது. சே, நானும் ஒரு மனுசனா என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி குடத்தைச் சாய்த்தான்.

கோயிலில் சட்டியை இறக்கியதும் அவன் அம்மா கஸ்தூரியம்மாள் மருமகளின் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் பெரிய கொப்புளம். சுத்தமாக விரதம் இருந்தவர் கையை ஆத்தா சுடமாட்டாள் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை.

"ஏ ராணி, வெரதத்துல என்னடி கொற வச்ச? எம் மவன் பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கானேடி!"

யுவராணி கொப்புளத்தையே பார்த்தாள். "தெரியலையே அத்தை. தோட்டத்துல தல சுத்துச்சுன்னு ரெண்டு திராட்சையப் பறிச்சு வாயில போட்டேன். அதுவா இருக்குமோ?" என்றவள் புருசன் பக்கம் திரும்பினாள். "ஐயோ, என்னால நீங்க பெயிலாயிருவீகளோ?" கொப்புளக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அவ மேல கொற இல்லம்மா. நாந்தான் நேத்து பரீட்சைக்கே போகல. பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு வந்து பொய் சொன்னேன்."

ரெண்டு அறை விழுந்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யுவராணி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவனைப் பார்க்கவில்லை, மாமியாரைத்தான் பார்த்தாள்.

"அப்ப நான் கொற வைக்கல, இல்லையா அத்தை?"

அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் அஜய்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.