காற்றில் வந்த கரண்ட்

நிலோஃபரின் பின்மண்டையில் எட்டணா அகலத்துக்கு முடி இல்லை என்பதை சஃபியா பார்த்தது வியாழக்கிழமை காலை, குளிப்பாட்டித் துவட்டும்போது. நாலு மாதப் பிள்ளை. ஏழாம் நாள் மொட்டை போட்ட பிறகு கருகருவென்று வளர்ந்திருந்த தலை. வலது காதுக்குப் பின்னால் மட்டும் தடவினால் வெறும் தோல் தட்டுப்பட்டது. அந்த மெஷின் இருந்ததும் வலது பக்கத்தில்தான்.

மெஷின் துபாயிலிருந்து வந்தது. அதிராம்பட்டினத்து வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் என்று கேலி பேசுவார்கள். முன் அறையில் பிள்ளை அழுதால் கடைசியில் இருக்கும் அடுக்களைக்குக் கேட்காது. மிக்ஸியும் ஓடினால் போச்சு. ஒருநாள் தேங்காய் அரைத்துவிட்டு வந்து பார்த்தால், பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தது. அதைத் துபாயில் இருக்கும் புருஷனிடம் போனில் சொல்லி சஃபியாவும் அழுதாள். அடுத்த வாரமே லியாகத் அலி ஊருக்கு வந்த ஒரு ஆள் கையில் இதைக் கொடுத்துவிட்டான். பிள்ளை பக்கத்தில் ஒரு பெட்டி, அடுக்களையில் ஒரு பெட்டி. அங்கே சிணுங்கினால் இங்கே கேட்கும். மகள் பிறந்து போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா, மனுஷனுக்கு?

துபாய் பின் நம் ஊர் பிளக் பாயிண்டில் நுழையவில்லை. கடைத்தெரு டிவி மெக்கானிக் சேக் தாவூதிடம் கொண்டுபோனாள். அவர் பின்னை மாற்றினோமா, விட்டோமா என்று இருந்திருக்கலாம். அவர் வாய்தான் சும்மா இருக்காதே.

“வெள்ளைக்காரன் மூளையப் பாரும்மா. வயரே இல்லாம கரண்டைக் காத்துலயே அனுப்புறான்!” என்று தானே கண்டுபிடித்த மாதிரி பூரித்துப் போனார்.

அன்றைக்கு அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அந்த வார்த்தை வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கரண்ட் என்றால் சஃபியாவுக்கு விளக்கு எரிவது மட்டுமல்ல. போன வருஷம் அவளுடைய சாச்சிக்கு, அதாவது சின்னம்மாவுக்கு, கழுத்தில் கட்டி வந்து தஞ்சாவூரில் முப்பது நாள் ‘கரண்ட் வைத்தார்கள்’. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் இவள்தான். கட்டி கரைந்து சாச்சி பிழைத்துக்கொண்டார். ஆனால் கரண்ட் பட்ட பிடரியில் முடி கொட்டி வழுவழுவென்று ஆனதை இவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பெரிய மனுஷிக்கே நிமிஷக் கணக்குப் பார்த்துத்தான் வைத்தார்கள். இவளோ பெற்ற பிள்ளையின் தலையணைமேலேயே, ஒரு சாண்கூடத் தள்ளாமல், நாற்பது நாளாக வைத்திருக்கிறாள்.

பிடுங்கி எடுத்துக்கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடியைப் போட்டு அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து லியாகத் அலி போன் செய்தான். “மெஷின் ஓடுதா?”

“ஓடுது மச்சான்.”

ஆசையாக அனுப்பிய சாமான் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வாள்?

சனிக்கிழமை விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். குழந்தை டாக்டர் ஆனந்தவல்லிக்கு முன்னால் உட்கார்ந்ததும், “தெரியாம பிள்ளைக்குக் கரண்ட் வச்சிட்டேன் டாக்டரம்மா” என்று பொலபொலவென்று அழுதாள். அந்த அம்மா ஒரு நிமிஷம் ஆடிப்போய், பிள்ளையின் கைகால்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்.

“உங்க சாச்சிக்கு வச்சது கரண்டே இல்லம்மா. ஊரே அப்படித்தான் சொல்லுது. அது எக்ஸ்ரே மாதிரி கதிர், எக்கச்சக்கமா கூட்டி ஒரே இடத்துல பாய்ச்சுவாங்க. இந்தப் பெட்டியில வர்றது ரேடியோ அலை. வீட்டு ரேடியோவுல பாட்டு வருதே, அந்த ஜாதி. இப்ப செல்போன் வந்திருக்கே, அதைவிடவும் குறைச்சல்தான். இதால ஒரு முடியைக்கூட உதிர்க்க முடியாது.”

“அப்ப இந்த முடி?”

“மல்லாந்தே கெடக்குற பிள்ளைங்களுக்குப் பின்மண்டை தேயத்தான் செய்யும். உக்கார ஆரம்பிச்சதும் தானா முளைச்சிரும்.” தலையைத் திருப்பிப் பார்த்தவர் சற்று யோசித்தார். “ஒரு பக்கமா தேஞ்சிருக்கே. அந்த மெஷின்ல விளக்கு எதும் எரியுமா?”

“பச்சை லைட்டு எரியும். அதைப் பாத்தாத்தான் இவளுக்குச் சிரிப்பே வரும்.”

“அப்ப அதான் சங்கதி! பகலெல்லாம் வலப்பக்கமே திரும்பி லைட்டை வேடிக்கை பாத்திருக்கா, கள்ளி. தலையணையில தேச்சுத் தேச்சு முடியைத் தொலைச்சிட்டா.”

டாக்டர் சிரித்துவிட்டார். சஃபியாவுக்கு மட்டும் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

“இருந்தாலும் தலைமாட்டுல எதுக்கு வைக்கிறீங்க? நாலடி தள்ளி வைங்க. தள்ளத் தள்ள அலையோட வீரியம் குறைஞ்சிரும். வயரும் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது, அதுதான் நெஜமான ஆபத்து.”

வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூங்கப் போட்டாள். டிரம்மிலிருந்து மெஷினை எடுத்து, தவிடு தட்டி, எட்டி இருந்த அலமாரியில் பச்சை லைட்டு சுவரைப் பார்க்கும்படி வைத்து பிளக்கைச் செருகினாள். அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. அடுக்களைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுப் போனுக்குப் போய் துபாய்க்கு நம்பரைப் போட்டாள். முடி, சாச்சி, கரண்ட், அரிசி டிரம், வெள்ளிக்கிழமை சொன்ன பொய், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

கோபப்படுவான் என்றுதான் பயந்தாள்.

“பிள்ளைக்கு ஒண்ணும் இல்லயே? மறுபடி சொல்லு” என்றான்.

“ஒண்ணுமே இல்ல மச்சான். நீங்க அனுப்புன சாமான் மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவன் பெருமூச்சு விட்டது கடல் தாண்டிக் கேட்டது. அதே நேரம் கையிலிருந்த பெட்டி கரகரத்தது. முன் அறையில் நிலோஃபர் விழித்துக்கொண்டு வீறிட ஆரம்பித்திருந்தாள்.

“என்ன சத்தம் அது?”

“உங்க மகதான். இருங்க, போய்த் தூக்கிட்டு வர்றேன்.”

“போகாத, போகாத! போனை அந்தப் பெட்டிக்கிட்ட வையி.”

இத்தனை நாளும் ரிசீவரைக் காதில் வைத்தால் பிள்ளை வாயை மூடிக்கொண்டு முழிக்கும். மகளின் குரலை அவன் கேட்டதே இல்லை. சஃபியா ரிசீவரைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தாள். பிள்ளை ஊரைக் கூட்டியது. எடுத்துக் காதில் வைத்து, “போதுமா? தொண்டை கட்டிரும்” என்றாள்.

“இன்னும் கொஞ்சம் அழட்டும், சஃபியா” என்றான் பிள்ளையைப் பெற்றவன்.