தளபதி பதவிக்கு இரண்டு டாங்கிகள்

செங்கை–மாமல்லைக் கவச வாகன மாதிரிக் கழகத்தில் மொத்தம் ஏழு உறுப்பினர்கள். ஏழு பேருக்கும் பதவி இருந்தது. ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கிகளைக் கட்டி விளையாடுகிறவர்கள் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், கழகத்தின் நிறுவனரும் தலைவருமான சுப்புராமன், "பொம்மை இல்லை. நிஜ டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு" என்று திருத்துவார். அவர் திருத்தாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். கல்பாக்கத்தில் வேலை என்றதும் எல்லாரும் அவரை விஞ்ஞானி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் இருந்தது கொள்முதல் பிரிவில். விஞ்ஞானிகள் உட்காரும் நாற்காலிகள் அவர் கையெழுத்தில்தான் வந்தன.

அவருடைய டாங்கியை அவரே கட்டினார். குடியிருப்பின் பால்கனியில் இரண்டு வருஷ வேலை. பச்சைப் பெயின்ட் அடித்து, அது காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய தூரிகையால் துரு வரைந்தார். துருவின்மேல் சேறு வரைந்தார்.

"வாசல் கேட்டு நிஜமாவே துருப்பிடிச்சுக் கெடக்கு" என்றாள் அவர் மனைவி பிரபாவதி. "அதுக்குப் பெயின்ட் அடிங்கன்னா நேரமில்ல. இதுக்குத் துரு வரைய மட்டும் நேரமிருக்கு."

கழகம் அந்தத் துருவை மெச்சியது. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் குனிந்து பார்த்து, "சார், நிஜத் துரு மாதிரியே இருக்கு" என்பார். சுப்புராமன் அடக்கமாகச் சிரிப்பார். வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது திருவேங்கடம் வந்து சேர்ந்தார்.

திருவேங்கடம் செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்துக்காரர். மறைமலைநகர் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்கள் அவருடையவை. முதல் கூட்டத்துக்கே அவர் கொண்டுவந்த டாங்கி முழுக்க முழுக்க இரும்பு, ஆட்டுக்குட்டி உயரம். பொத்தானை அழுத்தினால் உறுமியது, பின்பக்கம் புகை விட்டது. கழகத்தின் துணைத் தலைவர், இணைச் செயலாளர், பொருளாளர், கொள்கைப் பரப்பாளர் எல்லாரும் அந்தப் புகைக்குள் போய் நின்றுகொண்டார்கள். வெளியே நின்றது சுப்புராமன் மட்டுமே.

திருவேங்கடம் அவரிடம் வந்து அவருடைய டாங்கியைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், சின்னதா கீது? குட்டியா?"

சுப்புராமன் அந்த இரும்பு டாங்கியைக் காட்டினார். "நீங்க இதை நீங்களே கட்டினீங்களா?"

"இல்ல சார், கட்டினதத்தான் வாங்கினேன்."

"கட்டாதவனுக்கு டாங்கி சொந்தமில்லை. அது எங்க கழகத்தோட கொள்கை."

"பஸ்ஸுகூட நான் கட்டல சார். ஓடிகினுதானே கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். கொள்கைப் பரப்பாளரும் சிரித்தார். அன்றிலிருந்து சுப்புராமனுக்கு வீட்டில் பிரபாவதி சாம்பிராணி போட்டால்கூட வயிறு எரிந்தது. திருவேங்கடம் வராத நாட்களில் அவர் ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். தனக்கு டெங்கு வந்து மூன்று கூட்டம் போகாமல் இருந்தபோது ஒருவரும் கேட்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. திருவேங்கடத்துக்கு ஓட்ட வராது. டாங்கியின் இரண்டு பக்கச் சங்கிலிகளையும் தனித்தனி விசையால் ஆள வேண்டும். அவர் இரண்டையும் ஒன்றாக முன்னே தள்ளிவிட்டு, "போடா, போடா" என்பார். ஒருமுறை அது நேராகப் போய், காய்ந்துகொண்டிருந்த மீன் வலைக்குள் சிக்கியது. வலைக்காரர்கள் வந்து கழகத்தையே அள்ளிக் கடலில் போடப் பார்த்தார்கள்.

இந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. நாடெங்கும் உள்ள டாங்கிக் கழகங்களின் பெருங்கூடல். ஒரு கழகத்துக்கு ஒரு டாங்கி, ஒரு ஓட்டுநர். அந்த ஒருவர் தம் கழகத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு அரங்கைச் சுற்றி வருவார். அவர் சட்டையில் 'தளபதி' என்று எழுதியிருக்கும்.

சுப்புராமன் அன்று சாயங்காலமே புதுப்பட்டினம் தையல்காரரிடம் போய்க் காக்கிச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். போவது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகத்தைக் கிளப்பியவர் செயலாளர் லக்ஷ்மிநாராயணன். சிறுசேரியில் மென்பொருள் வேலை. எதற்கும் மதிப்பெண் போட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "ஒரு தேர்வு வச்சிடலாமே சார். நியாயமா இருக்கும்" என்றார். மற்ற ஆறு பேரும் தேர்வுக்கு நிற்கவில்லை. நின்றவர்கள் இரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் சவுக்குத் தோப்பை ஒட்டிக் களம் அமைத்தார்கள். முதலில் ஒரு மணல்மேடு. அதைத் தாண்டி ஒரு பள்ளம். பிறகு கடல்நீர் தேங்கிய குட்டையின்மேல் ஒற்றைப் பலகைப் பாலம். பாலத்தைத் தாண்டி நின்று பீரங்கியைத் திருப்பி, பிளாஸ்டிக் குண்டால் ஒரு காகிதக் கோப்பையைச் சாய்க்க வேண்டும். மொத்தம் ஐம்பது மதிப்பெண்.

கழகத்தின் நிகழ்ச்சிகளுக்கு இதுவரை வந்த பார்வையாளர்கள் இரண்டு நாய்கள். அன்று ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து திருவேங்கடத்தின் சித்தப்பாக்கள், மச்சான்கள், அவர்களுடைய பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இறங்கினார்கள். இரண்டு பேர் டாங்கியை மணப்பெண்ணை இறக்குவதுபோல் இறக்கினார்கள். அது இன்னும் தரையைத் தொடவில்லை, அதற்குள் கைதட்டல்.

"வாங்க சார், நாஸ்தா துன்னுங்க" என்று திருவேங்கடம் சுப்புராமன் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பொங்கல், வடை. மிக நன்றாக இருந்தது. அதற்காகவும் சுப்புராமன் அவரை வெறுத்தார்.

முதலில் ஓட்டியது சுப்புராமன்தான். மேட்டில் சுத்தமாக ஏறினார். பள்ளத்தில் ஒருமுறை சிக்கி, இரண்டாம் முறை ஏறினார். பாலத்தைக் கடந்தார். குண்டு கோப்பைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. முப்பத்தெட்டு மதிப்பெண். கூட்டம் வடை தின்றுகொண்டிருந்தது. "அது இன்னா, ரிகர்சலா?" என்று யாரோ கேட்டது அவர் காதில் விழுந்தது.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், பெங்களூர் அவருடையது. திருவேங்கடம் பாலத்துக்குப் போகவே மாட்டார். ஆனால் சுப்புராமனுக்கு அந்தத் தோல்வி போதவில்லை. இந்தக் கூட்டம் தோற்றாலும் கைதட்டும். தோளில் தூக்கிக்கொண்டு போகும். டாங்கி பாலத்தின் நடுவில் கவிழ்ந்து, வயிறு மேலே தெரிய, சங்கிலி காற்றில் சுற்ற வேண்டும். எல்லாரும் சிரிக்க வேண்டும். சித்தப்பாக்களே சிரிக்க வேண்டும்.

அதற்கு வழி இருந்தது. எந்த ரிமோட் வாங்கலாம் என்று திருவேங்கடம் ஒருநாள் யோசனை கேட்டபோது, தாம் வைத்திருக்கும் அதே வகையைத்தான் சுப்புராமன் சொல்லியிருந்தார். அவரிடம் உபரியாகவும் ஒன்று இருந்தது. டாங்கியின் வயிற்றில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு எந்த ரிமோட்டுக்கு உயிர் கொடுக்கிறோமோ, அதற்குப் பிறகு டாங்கி அதன் பேச்சைத்தான் கேட்கும். பழைய ரிமோட் வெறும் டப்பா.

"சார், பொட்டலம் பத்தல போல கீது. பஸ்ஸுக்குப் போயி வரேன். வண்டியக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று திருவேங்கடமே கேட்டார்.

"தாராளமா" என்றார் சுப்புராமன். பார்த்துக்கொண்டார்.

திருவேங்கடம் திரும்பி வந்து களத்தின் முன்னால் போய் நின்றபோது, சுப்புராமன் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சவுக்கு மரத்தடியில் ஒரு துணிப்பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு நின்றார். பார்ப்பதற்கு வயிற்றுவலிக்காரர் போலத் தெரிந்தார்.

லக்ஷ்மிநாராயணன் விசில் ஊதினார். திருவேங்கடம் "போடா" என்றார். சுப்புராமன் பைக்குள் விரலை லேசாக அசைத்தார்.

அந்த எடை! அவருடைய டாங்கி மணலில் வழுக்கும், நடுங்கும், ஒவ்வோர் அடிக்கும் கெஞ்ச வைக்கும். இது விரலின் எண்ணத்தை உணர்ந்து நகர்ந்தது. மேட்டில் பாதி ஏறியதும் வேகத்தைக் குறைத்தார். அது மூச்சுப் பிடித்து நின்று, மறுபடி ஏறியது. உச்சியில் ஒரு கணம் நிறுத்தினார். நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். கூட்டம் வடையை மறந்தது.

சரி, பள்ளத்தில் கவிழ்க்கலாம் என்று நினைத்தார். ஆனால் தாம் சிக்கிய அதே பள்ளத்தை இந்த வண்டியில் எப்படித் தாண்டலாம் என்பது அவருக்கு அப்போது பளிச்சென்று தெரிந்தது. இடது சங்கிலியை மட்டும் விட்டுக் கொஞ்சம் சாய்வாக இறக்கினால் போதும். இறக்கினார். ஏறிவிட்டது. சரி, பாலம்தான் இடம். முதலிலேயே தீர்மானித்த இடமும் அதுதான்.

டாங்கி பலகையின்மேல் பாதி தூரம் போனது. இரண்டு பக்கமும் விரற்கடை இடம்கூட இல்லை. வலது விரலை ஒரு நெல்லளவு அசைத்தால் குட்டைக்குள் கவிழ்ந்துவிடும். அப்போது முன்னால் நின்ற லக்ஷ்மிநாராயணன் பொருளாளரிடம், "இது தாண்டாது. சுப்புராமன் சாராலகூட இவ்ளோ பெரிய வண்டிய இதுல கொண்டுபோக முடியாது" என்றார்.

அது எப்படி முடியாது?

டாங்கி பாலத்தைத் தாண்டி, நின்று, தலையைத் திருப்பி, ஒரே குண்டில் கோப்பையைச் சாய்த்தது. நாற்பத்தொன்பது மதிப்பெண்.

பஸ்ஸில் வந்தவர்கள் திருவேங்கடத்தைத் தூக்கிவிட்டார்கள். சுப்புராமன் பைக்குள்ளிருந்து கையை எடுக்காமல் நின்றார். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. தன் வாழ்நாளில் இதைவிட நன்றாக அவர் ஓட்டியதில்லை. அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

கைப்பேசிகள் சூழ, திருவேங்கடம் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பள்ளத்துல எப்டி அண்ணாத்த ஏத்தின?" என்று ஒரு மச்சான் கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல மச்சான். முறுக்கிகினு நேரா வுட்டேன், ஏறிக்கிச்சு."

"நேரா விடல!" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். சுப்புராமன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டிருந்தார். "நேரா விட்டா மூக்கு குத்திடும். இடது டிராக்க மட்டும் விட்டுச் சாய்ச்சு எறக்கணும். அப்படித்தான் எறக்கினது. மேட்டு மேல நிறுத்தினது வேற. பாலத்துல மூச்சே விடாம…"

அவர் நிறுத்தினார். லக்ஷ்மிநாராயணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுப்புராமன் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சாரு சயின்டிஸ்ட் ஆச்சே" என்றார் திருவேங்கடம். "நான் ஓட்டறத அப்டியே படிச்சிகினு இருந்தாரு. எனக்கே தெரியாதது அவருக்குத் தெரியுது பாரு." கூட்டம் சுப்புராமனுக்கும் கொஞ்சம் கைதட்டியது.

பிறகு, மற்றவர்கள் பஸ் பக்கம் போனதும், திருவேங்கடம் அவரைச் சவுக்கு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், எடுத்தவுடனே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நான் பதட்டத்துல ரிவர்ஸ் போட்டுட்டேன். வண்டி முன்னால போவுது. இன்னாடா பேஜாரா போச்சேன்னு திரும்பிப் பாத்தா, நீங்க பைக்குள்ள கைய வுட்டுகினு கண்ணு கலங்கிப்போயி நிக்கறீங்க. கவுக்கறதுக்குத்தானே வந்தீங்க?"

சுப்புராமன் சவுக்குப் பட்டையை நகத்தால் உரித்தார்.

"கவுக்க மனசு வரல. சரி, நல்லாத்தான் ஓட்டறாரு, வுடுன்னு நானும் கட்டைவெரல ஆட்டிகினு நின்னேன்."

"இதை எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்" என்றார் சுப்புராமன். "ஓட்டினது நான்தான்னு."

"சொல்லுங்க. எதுக்குக் கைய வச்சீங்கன்னும் சேத்துச் சொல்லணும். என்னாண்ட இன்னா இருக்கு? வலையில வுட்டவன்தானே நானு. உங்களுக்குத்தான் கழகம், தலைவரு, எல்லாம்."

சுப்புராமன் கடலைப் பார்த்தார். காக்கிச் சட்டை தைத்து முடித்து வந்திருந்தது. இஸ்திரிகூடப் போட்டாகிவிட்டது.

"பெங்களூருக்கு நீங்களும் வாங்க சார். கொடி நான் புடிச்சிக்கறேன். வண்டி நீங்க புடிச்சிக்குங்க."

முடியாது என்று சொல்வதற்காகத்தான் சுப்புராமன் வாயைத் திறந்தார்.

"அங்க தரை எப்படி இருக்கும்? மணலா, செம்மண்ணா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? வண்டிய எடுத்துகினு போயி வூட்ல வச்சிப் பழகுங்க. எனக்கு இந்த மாசம் பஸ்ஸுங்களுக்கு எஃப்சி எடுக்கற வேலையே தலைக்கு மேல கீது."

டாங்கியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு சுப்புராமன் தம் காரை நோக்கி நடந்தார். அதன் சூடு இன்னும் ஆறவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபோது, இது தன்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. எதிரே, பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த திருவேங்கடத்தின் சித்தி வேண்டா என்பவள் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்பா, நம்ம திருவேங்கடத்தாண்ட வேல செய்யறியா?"

நான் கழகத்தின் நிறுவனர் என்று சொல்லலாம். கல்பாக்கத்தில் அதிகாரி என்று சொல்லலாம். அப்படியானால் இந்த வண்டியை ஏன் சுமக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"ஆமாம்மா" என்றார் சுப்புராமன். "இன்னிலேர்ந்து."

"பாத்துத் தூக்கு" என்றாள் வேண்டா. பிறகு அந்த முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கொஞ்சம் நெருங்கி வந்து சொன்னாள்: "பக்கத்துலயே இருந்து அவன் எப்டி ஓட்டறான்னு நல்லாக் கவனிச்சிகினு வா. ஒனக்கும் வந்துடும்."