சத்தம் நின்ற கிண்ணம்

கடலில் விழுந்தவனின் உடம்பு கடைசிவரை கிடைக்கவில்லை. அவன் வேலை பார்த்த துளையிடும் கப்பலிலிருந்து ஒரு பெட்டிதான் வந்து சேர்ந்தது. கடலடியிலிருந்து அவன் கையால் எடுத்து வைத்த மீத்தேன் பனிக்கட்டிகள். அவை எவ்வளவு வேகத்தில் சிதைந்து போகின்றன என்று அளப்பது ஆய்வுக்கூடத்தில் அவன் மனைவியின் வேலை. தலையெழுத்தைப் பாருங்கள், புருஷன் எடுத்ததைப் பெண்டாட்டியே கரைத்துக் கணக்கெடுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

லாரி ஓட்டிக் கை காய்த்துப்போன மாமனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மிஞ்சினதுல ஒரு துண்டு குடும்மா. அவன் கடைசியா தொட்டதுல்ல?"

மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தாள்.

"மாமா, இது சாதா ஐஸ் இல்ல. உள்ள வாயு அடைஞ்சு கெடக்கு. ஃப்ரீசர்ல இருந்தா மேல தோல் மாதிரி ஐஸ் மூடிக் காப்பாத்தும். சூடு பட்டா தோல் உடைஞ்சு மளமளன்னு போயிடும். தெறக்கவே கூடாது."

"நான் எதுக்குத் தெறக்கறேன்?" என்றார், சத்தியம் பண்ணாத குறையாக. பட்டாணி, மீன் எல்லாவற்றையும் வெளியே தள்ளி மகனுக்கு இடம் பண்ணினார்.

ஒரு காலையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிண்ணம். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர்.

"நேத்துகூடப் பேசிச்சும்மா."

"என்னது பேசிச்சு?"

"கையில எடுத்துக் காதுகிட்ட வெச்சா சடசடன்னு பேசும். சின்ன வயசுல வாய் மூடாம பேசுவானே, அப்படி. மனசு கேக்காதப்பல்லாம் எடுத்து எடுத்துக் கேட்டேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அது பேச்சில்லை, உள்ளங்கைச் சூட்டில் துண்டு உடைகிற சத்தம். கேட்கக் கேட்கத்தான் சீக்கிரம் போயிருக்கிறது.

"நான் தெறந்ததாலயா போச்சு?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தசமப் புள்ளி பிசகினாலும் சண்டைக்கு நிற்பவள் அவள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இல்ல மாமா. தெறந்தாலும் தெறக்காட்டாலும் அதோட ஆயுசு இன்னைக்கு வரைக்கும்தான்."

"அளந்து பாத்தியா?"

"அளந்துட்டேன் மாமா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப சரி. கடைசி வரைக்கும் எங்கூடப் பேசிட்டுத்தான் போயிருக்கான்."

அவள் வாய்விட்டு அழுதாள். செய்தி வந்த நாளில்கூட அப்படி அழுததில்லை.